வரைபடத்தில் ஓடிய வண்டிகள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ரொறன்ரோக் கிளையின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



ஒவ்வொரு கிளையும் தன் வரலாற்றைப் பற்றிச் சில நிமிடம் பேசவேண்டும் என்று தாய்ச் சங்கம் கேட்டிருந்தது. நாம் அதற்கென்று கூடியபோது, நடத்திய இராப்போசனங்களையும் கல்லூரிக்கு அனுப்பிய பணத்தையும் ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிட்டோம். அது இம்மலரின் அறிக்கைப் பகுதியில் இருக்கிறது. அதற்குப் பிறகு கதைத்ததெல்லாம் பஸ்ஸைப் பற்றியது. எமது எந்தக் கூட்டமும் அப்படித்தான். யாராவது ஒருவர் பிந்தி வருவார். ஏன் பிந்தியது என்று சொல்லத் தொடங்குவார். அரை மணித்தியாலம் போய்விடும். ஆகவே அதையே பேசுவது என்று தீர்மானித்தோம். நாம் குடியிருக்கும் ஸ்காபரோவுக்கு இலகு ரயில் போடுவதற்கு நாற்பது வருடத்துக்கு மேலாக நடக்கும் முயற்சியின் கதை இது. கொழும்பில் இருப்பவர்களுக்கும் இதில் அலுவல் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறோம்.

ஸ்காபரோ ரொறன்ரோ மாநகரின் கிழக்கு அந்தம். 1998 வரை தனி நகரமாக இருந்து பிறகு ரொறன்ரோவுடன் சேர்க்கப்பட்டது. இன்று ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம். எண்பதுகளில் கனடா வந்த எம்மவர்கள் முதலில் நகர மையத்துக்குக் கிட்ட மாடிக் கட்டடங்களில் இருந்தார்கள். குடும்பம் பெருகப் பெருகக் கிழக்கே ஸ்காபரோவுக்கு நகர்ந்தார்கள், பிறகு வடக்கே மார்க்கத்துக்கு. வந்து சேர்ந்த இடம் காருக்காக விரித்த நிலம். பெரிய வீதிகள் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றருக்கு ஒன்றாக, கோடு போட்ட கொப்பியைப் போலக் கிழக்கு மேற்காக ஓடுகின்றன: எக்ளிங்டன், லோரன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பேர்ட், பின்ச், ஸ்ரீல்ஸ். நடுவில் வளைந்து வளைந்து போகும் வீட்டு ஒழுங்கைகள். ஒழுங்கையிலிருந்து பெரிய வீதிக்கு நடந்து வந்துதான் பஸ் எடுக்கவேண்டும். தை மாதத்தில், உறைந்த நடைபாதையில், ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் மரக்கறிப் பையுமாக நடந்தவர்களுக்கு நானூறு மீற்றருக்கும் எண்ணூறு மீற்றருக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். இந்த உரையில் அந்த வித்தியாசம் திரும்பவும் வரும்.

இலகு ரயில் என்றால் என்ன என்று நேற்றுச் சிலர் கேட்டீர்கள். ட்ராம் வண்டியின் பேத்தி என்று சொல்லலாம். கொழும்பில் 1960 வரை ட்ராம் ஓடியது. கோட்டையிலிருந்து பொறளைக்கும் கிராண்ட்பாசுக்கும் அதில் போனவர்கள் இந்த மண்டபத்தின் முன்வரிசையில் இருக்கிறார்கள். பழைய ட்ராம் கார், லொறி, மாட்டுவண்டி எல்லாவற்றுடனும் ஒரே வீதியில் நெருக்குப்பட்டது. இலகு ரயிலுக்கு வீதியின் நடுவே தனித்தடம் இருக்கும்; கார் அதில் ஏறமுடியாது. இரண்டு மூன்று வண்டிகளை ஒன்றாகக் கொழுவலாம். தளம் தாழ்ந்திருப்பதால் சக்கர நாற்காலியும் பிள்ளை வண்டிலும் அப்படியே உள்ளே உருளும். தேவையான இடத்தில் மேம்பாலத்திலோ சுரங்கத்திலோ போகும், மற்ற இடத்தில் வீதியோடு போகும். சாதாரண வீதியில் ஓடும் பஸ், ஒரு திசையில் மணித்தியாலத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் பேர் வரத் தொடங்கியதும் திணறிவிடும். ஒன்றன் பின் ஒன்றாக மூன்று பஸ் வந்து பிறகு இருபது நிமிடம் ஒன்றுமே வராது. நிலக்கீழ் ரயில் அதைப்போலப் பத்து மடங்கு சனத்தை ஏற்றும், ஆனால் நிலத்தைத் தோண்டுவதில்தான் பணமெல்லாம் போகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொகைக்குப் பொருந்துவது இலகு ரயில். புறநகரங்களில் சனத்தொகை பெரும்பாலும் அந்த இடைப்பட்ட அளவில்தான் இருக்கிறது.

முதல் முயற்சி எழுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கியது. கென்னடி நிலையத்தில் நிலக்கீழ் ரயில் முடிவடைகிறது. அங்கிருந்து ஸ்காபரோ மையத்துக்கு ட்ராம் வண்டி விடலாம் என்று திட்டமிட்டார்கள். வேலை நடக்கும்போது ஒன்ராறியோ மாகாண அரசு குறுக்கிட்டது. அரசின் சொந்த நிறுவனம் ஒன்று, சுழலும் மோட்டார் இல்லாமல் தண்டவாளத்தின் நடுவே கிடக்கும் உலோகத் தகட்டை மின்காந்தத்தால் பற்றிக்கொண்டு ஓடும் புதிய வண்டியை உருவாக்கியிருந்தது. உலகத்துக்கு விற்கவேண்டுமானால் உள்ளூரில் ஓட்டிக் காட்டவேண்டும். ஆகவே ட்ராம் போய், அந்தப் புதுமை வந்தது. 1985 மார்ச்சில் திறந்தார்கள். நீளம் 6.4 கிலோமீற்றர், ஆறு நிலையங்கள். கென்னடியில் நிலத்துக்கு அடியிலிருந்து ஏறி ஏறி மேல்தளத்துக்கு வந்துதான் அதில் மாறவேண்டும். பனி விழுந்தால் அது நின்றுவிடும் என்பது எம்மவர் குழந்தைகளுக்கும் தெரிந்த செய்தி.

அதே தொழில்நுட்பத்தை வன்கூவரும் வாங்கியது, ஏறத்தாழ அதே காலத்தில். அங்கே அதை நீட்டிக்கொண்டே போனார்கள். ஆற்றைக் கடந்து சரே வரை கொண்டுபோனார்கள். இன்று அந்த நகரின் ரயில் வலை எண்பது கிலோமீற்றரளவில் இருக்கிறது. ஸ்காபரோவில் ஒரு நிலையம்கூடக் கூடவில்லை. வண்டிகள் பழசாகி, புதிய வகை வண்டிகள் இங்குள்ள இறுக்கமான வளைவில் திரும்பமாட்டா என்ற நிலை வந்தது. ஒரே இயந்திரம், இரண்டு ஊர், இரண்டு கதை. இயந்திரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை என்று நாம் நினைக்கிறோம்.

2007 மார்ச்சில் அப்போதைய மேயர் டேவிட் மில்லர் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். மாநகரம் முழுவதற்கும் ஏழு இலகு ரயில் பாதைகள், மொத்தம் 120 கிலோமீற்றர். ஷெப்பேர்ட் வீதி வழியாகக் கிழக்கே ஒன்று. எக்ளிங்டன், கிங்ஸ்ரன் வீதி, மோர்ணிங்சைட் என்று வளைந்து மல்வேர்னுக்கு ஒன்று. பழைய ஸ்காபரோ பாதையைப் புதுப்பித்து அதையும் அந்தப் பக்கம் நீட்டுவது என்றும் கதை இருந்தது. ஒரு பஸ்ஸும் நேரத்துக்கு வராத மல்வேர்ன் பக்கத்துக்கு மூன்று பாதைகள். எங்கள் பிள்ளைகள் படித்த ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் அதில் ஒன்றின் மேலே இருந்தது. இப்போது தமிழ் இருக்கை இருக்கும் வளாகம் அதுதான். அந்த இருக்கைக்குப் பணம் அனுப்பியவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள்.

அந்த வரைபடத்தில் நமக்குப் பிடித்தது, அது நகர மையத்தை மட்டும் பார்த்து வரையப்படவில்லை என்பது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். பிற்பாடு ஒருமுறை, கிளைக் கூட்டத்தில், ஸ்காபரோவின் பெரிய வரைபடம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொருவரையும் தாம் கிழமைக்கு ஒருமுறையாவது போகும் இடங்களில் குண்டூசி குத்தச் சொன்னோம். சிவப்பு வீட்டுக்கு, நீலம் வேலைக்கு, மஞ்சள் மற்ற எல்லாவற்றுக்கும். மஞ்சள் முடிந்துபோயிற்று. பெற்றோரை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போவது, பேரப்பிள்ளையைப் பாடசாலையிலிருந்து ஏற்றுவது, கோயில், தமிழ்க்கடை, சங்கீத வகுப்பு, மாமியார் வீடு. நகர மையத்துக்குப் போகும் நீல ஊசி சில மட்டுமே இருந்தன. மற்றவை மார்க்கத்துத் தொழிற்சாலைகளிலும், எல்ஸ்மியர் வீதி வைத்தியசாலைப் பக்கத்திலும், ஸ்காபரோவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குமாகக் கிடந்தன. ஊசிகளை நூலால் தொடுத்துப் பார்த்தபோது நூலெல்லாம் குறுக்காகத்தான் ஓடின.

பெரும்பாலான திட்டக்காரர்கள் காலை நேரத்தில் நகர மையத்துக்குப் போகும் கூட்டத்தை எண்ணித்தான் கணக்கைத் தொடங்குவார்கள். ஒன்பது மணிக்கு மேசையில் இருக்கவேண்டியவரின் பயணம் அதில் நன்றாகத் தெரியும். இரவு பதினொரு மணிக்குப் பொதி கட்டும் வேலை முடிந்து, வழியில் மகளின் வீட்டில் இறங்கிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வருபவரின் பயணம் மூன்று துண்டாகச் சிதறிவிடும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சில வீடுகளைத் தெரிவுசெய்து, நேற்று யார் யார் எங்கே போனீர்கள் என்று கேட்டுப் பதியும் கருத்தாய்வு ஒன்று அங்கே உண்டு. எம்மவர்கள் பலர் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தால் ஏதோ விற்க வருகிறார்கள் என்று வைத்துவிடுகிறார்கள். வையாதீர்கள் என்று கிளைக் கூட்டத்தில் இப்போது ஒவ்வொரு முறையும் சொல்கிறோம்.

குறுக்குப் பயணத்துக்கு இன்னொரு தடையும் இருந்தது. ஸ்ரீல்ஸ் வீதிதான் ரொறன்ரோவின் வடக்கு எல்லை. அதைத் தாண்டி மார்க்கம் போனால் வேறு பஸ் சேவை. இரண்டாவது முறை கட்டணம். நாலு தரிப்பிடத் தூரத்தில் வேலை செய்தவர்கள்கூட இரட்டிப்புக் காசு கொடுத்தார்கள். 2024 பெப்ரவரியில்தான் மாகாண அரசு அதை ஒரே கட்டணமாக்கியது. ஒரு தண்டவாளமும் போடாமல், ஒரு கல்லும் வெட்டாமல், எம்மில் பலருக்கு மாதச் செலவு குறைந்தது அந்த நாளில். வலைப்பின்னல் என்று சொல்லும்போது நாம் கட்டணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

சரி, ஏழு பாதைகளுக்கும் என்ன நடந்தது? 2009 டிசெம்பரில் ஷெப்பேர்ட் பாதைக்கு முதல் மண்வெட்டி போட்டார்கள். 2010 மார்ச்சில் மாகாண அரசு பணத்தின் ஒரு பகுதியைப் பிற்போட்டது. அந்த ஆண்டு டிசெம்பர் முதலாம் திகதி பதவியேற்ற மேயர் ரொப் ஃபோர்ட், அந்தத் திட்டம் முடிந்தது என்று முதல் நாளே அறிவித்தார். 2012இல் மாநகர சபை அவரை மீறிச் சில பாதைகளை மீட்டது. பழைய ஸ்காபரோ ரயிலுக்குப் பதிலாக ஏழு நிலையங்களுடன், சென்ரெனியல் கல்லூரி வளாகத்தையும் தொட்டுக்கொண்டு, ஷெப்பேர்ட் வரைக்கும் போகும் இலகு ரயிலுக்கு ஒப்பந்தமும் எழுதினார்கள். செலவு மாகாணத்துடையது. 2013 ஒக்டோபரில் அதே சபை, 24 வாக்குக்கு 20 என்று, அதைக் கைவிட்டு மூன்று நிலையங்களுடன் நிலக்கீழ் ரயில் வேண்டும் என்று முடிவெடுத்தது. இதற்கென்று 2014இலிருந்து எல்லோருடைய சொத்துவரியிலும் படிப்படியாக 1.6 வீதம் ஏற்றினார்கள். 2016இல் மூன்று நிலையம் ஒன்றாகச் சுருங்கியது. 2019இல் மாகாண அரசு பொறுப்பெடுத்து மறுபடி மூன்றாக்கியது, நீளம் 7.8 கிலோமீற்றர், மதிப்பீடு 5.5 பில்லியன் டொலர். 2023 ஜனவரியில் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். தோண்டும் இயந்திரத்துக்குப் பொதுமக்கள் பெயர் வைத்தார்கள், டிக்கி ஸ்கார்டஸ்ட் என்று. ஸ்காபரோச் சனத்துக்குப் பகிடி குறையவில்லை.

இதைக் கேட்க ஏதோ சதுரங்க ஆட்டம்போல இருக்கலாம். ஒவ்வொரு நகர்வுக்கும் இடையில் இரண்டு மூன்று ஆண்டுகள் போயின. 2007இல் அந்த வரைபடத்தைப் பார்த்தபோது முதலாம் வகுப்பில் இருந்த எங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் பஸ்ஸில் போய், பஸ்ஸில் வந்து, பட்டமும் எடுத்துவிட்டார்கள். அஜின்கோர்ட் புகையிரத நிலையத்தடியில் ஷெப்பேர்ட் வீதி தண்டவாளத்துக்குக் கீழால் தாழ்ந்து போகும். அந்தப் பள்ளம் ஷெப்பேர்ட் இலகு ரயிலின் வேலையோடு வெட்டிக் கட்டியது. வண்டி வரவில்லை; பள்ளம் இருக்கிறது; கார்கள் சுகமாகப் போகின்றன.

நிலக்கீழ் ரயிலா இலகு ரயிலா என்ற சண்டையில் எங்கள் கிளையும் இரண்டாகப் பிரிந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் சொன்னது: நகர மையத்தில் இருப்பவர்களுக்கு நிலத்துக்குக் கீழே சூடான நிலையம், எங்களுக்கு மட்டும் வீதியில் ட்ராமா? நாமும் வரிதானே கட்டுகிறோம்? கென்னடியில் இறங்கி ஏறி இறங்கி ஏறி முழங்கால் போனது போதாதா? இந்தக் கேள்விகளில் நியாயம் இருக்கிறது. ஸ்காபரோவில் குடியேறியவர்கள் எல்லாவற்றிலும் இரண்டாம் தரத்தை வாங்கிப் பழகியவர்கள். பனியில் நின்றுபோகும் ரயிலைத் தந்துவிட்டு, இதுவும் இலகு ரயில்தான் என்று புதியதொன்றைக் காட்டினால் யார் நம்புவார்கள்? இந்த மனக்குறையை அரசியல்வாதிகள் நன்றாக விளங்கிக்கொண்டார்கள். திட்டக்காரர்கள் விளங்கிக்கொள்ளவில்லை. அவர்கள் அட்டவணைகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறு பக்கம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டது: உங்கள் வீட்டுக்குக் கிட்ட எது நிற்கும்? 7.8 கிலோமீற்றரில் மூன்று நிலையம் என்றால், ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் இருப்பவர் நிலையத்துக்குப் போகவே பஸ் எடுக்கவேண்டும். இலகு ரயில் அறுநூறு, எழுநூறு மீற்றருக்கு ஒருமுறை நிற்கும். நிலக்கீழ் ரயிலில் ஏறியவர் விரைவாகப் போவார் என்பது உண்மை. ஆனால் ஏறுமுன் எவ்வளவு நேரம் தரிப்பிடத்தில் நின்றார் என்பதையும் சேர்த்துத்தானே பயண நேரம்? வைத்தியசாலைக்குத் தாயைக் கூட்டிப் போகிற ஒருத்திக்கு அந்த முதல் பதினைந்து நிமிடம்தான் முழுப் பயணமும். இந்த உரையை எழுதியவர்கள் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். மற்றப் பக்கத்துத் தோழிகள் வாசித்துப் பார்த்து, தங்கள் நியாயத்தையும் சரியாக எழுதியிருப்பதாகச் சொன்ன பிறகுதான் இதை இங்கே கொண்டுவந்தோம்.

சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே பழைய ரயில் தன் முடிவைத் தானே எடுத்துவிட்டது. 2023 ஜூலை 24ஆம் திகதி மாலை, எல்ஸ்மியர் நிலையத்துக்குத் தெற்கே, கடைசிப் பெட்டி கழன்று தடம்புரண்டது. ஐந்து பேர் சிறு காயங்களுடன் வைத்தியசாலைக்குப் போனார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மூடுவதாக இருந்த பாதை அன்றோடு மூடப்பட்டது. மாற்று வருவதற்கு இன்னும் பல ஆண்டுகள். அதுவரை பஸ்தான். இப்போது அந்தப் பழைய தண்டவாளப் படுக்கையைப் பஸ் மட்டும் ஓடும் பாதையாக மாற்றும் வேலை எடுக்கப்பட்டிருக்கிறது. ட்ராமுக்காகத் தொடங்கி, மின்காந்த ரயிலுக்குக் கொடுத்து, கடைசியில் பஸ்ஸுக்கு வந்து சேர்ந்த நிலம் அது.

சத்தமில்லாமல் நடந்த ஒரு விடயத்தையும் சொல்லவேண்டும். 2020 ஒக்டோபரில், கொவிட் காலத்தில், எக்ளிங்டன் கிழக்கு, கிங்ஸ்ரன் வீதி, மோர்ணிங்சைட் வழியாகப் பல்கலைக்கழக வளாகம் வரைக்கும் ஒரு தடத்தைச் சிவப்பு நிறம் பூசிப் பஸ்ஸுக்கென்று ஒதுக்கினார்கள். எட்டரைக் கிலோமீற்றர். சபை அங்கீகரித்துச் சில மாதங்களில் முடிந்துவிட்டது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், 2007இல் மல்வேர்ன் இலகு ரயிலுக்கு வரைந்த அதே வழியின் பெரும்பகுதி. தொழிற்சாலைக்கும் கடைக்கும் வைத்தியசாலைக்கும் போகும் சனம் வீட்டில் இருக்கமுடியாத காலத்தில் அந்தச் சிவப்புத் தடம் பெரிய உதவியாக இருந்தது. குறையும் இருந்தது. பஸ் விரைவாகப் போகவேண்டும் என்று சில தரிப்பிடங்களை எடுத்துவிட்டார்கள். கைத்தடியுடன் நடக்கும் அக்கா ஒருவர், என் தரிப்பிடத்தைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கூட்டத்தில் சொன்னார். யாருக்கு விரைவு, யாருக்கு நடை என்ற கணக்கு எந்தத் திட்டத்திலும் வரும். அந்தக் கணக்கைப் போடும் மேசையில் அந்த அக்காவும் இருக்கவேண்டும் என்பதுதான் எமது கட்சி.

கட்டி முடித்தவற்றைப் பற்றியும் இரண்டு வார்த்தை. எக்ளிங்டன் வழியாகக் கென்னடி வரை வரும் 19 கிலோமீற்றர் பாதைக்கு 2011இல் வேலை தொடங்கினார்கள். 2020இல் திறப்பதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் ஐந்து ஆண்டுகளுக்கும் கூடுதலாகப் பிந்தியது. வீதியோரச் சிறு கடைகள் பல அந்த வேலியின் பின்னால் மூச்சுமுட்டிப் போயின. மேற்கே பின்ச் வீதியில் பத்துக் கிலோமீற்றர்ப் பாதை 2025 டிசெம்பரில் திறந்தது. ஆசையோடு போய் ஏறியவர்கள், ஒவ்வொரு சந்தியிலும் சிவப்பு விளக்குக்கு நின்று நின்று போகிறது என்று முறையிட்டார்கள். வண்டி புதிது, தடம் தனி. ஆனால் இடப்பக்கம் திரும்பும் கார்கள் முதலில் போக, நிறைந்த வண்டி காத்திருந்தது. சமிக்ஞை விளக்கை யாருக்கு முதலில் பச்சையாக்குவது என்பதைத் தீர்மானிக்கக் கொங்கிறீற் தேவையில்லை. அதைத் தீர்மானிக்கும் துணிவு தண்டவாளத்தோடு கூடவே வரும் என்று எதிர்பார்த்ததுதான் அங்கே நடந்த கோளாறு.

இனிக் கொழும்புக்கு வருவோம். மாலபே, தலாஹேன, கொஸ்வத்தை, பத்தரமுல்லை, ராஜகிரிய பக்கங்களில் இருக்கும் எமது பழைய மாணவிகளுக்கு நாம் சொன்னவை எல்லாம் கேட்ட கதைபோல இருந்திருக்கும். மேல் மாகாணத்துக்கான பெருநகரத் திட்டத்தில் இலகு ரயில் வலை ஒன்று வரையப்பட்டது. அதில் முதலாவதாக மாலபேயிலிருந்து கோட்டைக்கு, தூண்களின் மேல், 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள். 2019 மார்ச்சில் ஜப்பானுடன் முதற்கட்டக் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது: 0.1 வீத வட்டி, திருப்பிக் கொடுக்க 40 ஆண்டு, அதில் முதல் 12 ஆண்டுக்குத் தவணை இல்லை. 2020 செப்டெம்பரில், செலவு அதிகம் என்ற காரணத்தைச் சொல்லி, அரசு அதை நிறுத்தியது. அதற்குப் பிறகு நாட்டுக்கு என்ன நடந்தது என்பதை இங்கே இருக்கும் உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்கள் நீங்கள்.

தூணின் மேல் போவது சரியா, வீதியோடு போவது சரியா, களனிவெளிப் புகையிரதப் பாதையைத் திருத்துவது முதலா என்பதெல்லாம் விவாதிக்கவேண்டிய கேள்விகள். வெளியூரில் இருந்துகொண்டு அவற்றுக்குத் தீர்ப்புச் சொல்வதற்கு எமக்குத் தகுதியில்லை. ஆனால் ஸ்காபரோவில் பார்த்த ஒன்றைச் சொல்லலாம். ஒரு பாதையை நிறுத்தும்போது அந்த நாளில் யாருக்கும் ஒன்றும் குறைவதில்லை. நேற்று ஓடிய பஸ் இன்றும் ஓடும். அதனால்தான் நிறுத்துவது சுலபம். குறைவது மெல்ல மெல்ல, இருபது வருடத்தில், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலமாகக் குறைகிறது. அதற்கு யாரும் பற்றுச்சீட்டு எழுதுவதில்லை.

ஸ்காபரோவில் இப்போதைய நிலை இது. மல்வேர்னுக்கான பாதை மறுபடியும் வரைபடத்துக்கு வந்திருக்கிறது, எக்ளிங்டன் கிழக்கு என்ற புதிய பெயருடன். கென்னடியிலிருந்து பல்கலைக்கழக வளாகம் வழியாக மல்வேர்ன் வரை, 18 கிலோமீற்றருக்குச் சற்று மேல், இருபத்தைந்துக்கு மேற்பட்ட தரிப்பிடங்கள். வடிவமைப்பு நடக்கிறது. கட்டுவதற்குரிய பணம் ஒதுக்கப்படவில்லை. கலந்தாய்வுக் கூட்டங்கள் நடக்கும்போது எமது கிளையிலிருந்து இரண்டு பேராவது போகிறார்கள். ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர் எழுதுவார்; கல்லூரியில் விவாதக் குழுவுக்குப் படிப்பித்த முறைதான். கேட்பவை சின்னக் கேள்விகள். இந்தத் தரிப்பிடத்துக்கும் அந்த முதியோர் மாடிக் கட்டடத்துக்கும் இடையில் எத்தனை மீற்றர்? வீதியைக் கடக்கும் பச்சை விளக்கு எத்தனை செக்கன்? இரவு ஒரு மணிக்கு வண்டி ஓடுமா? முதல் கூட்டத்தில் பதில் இருக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அந்த மீற்றர்க் கணக்கோடு வந்தார்கள்.

தேநீர் இடைவேளைக்கு மணி அடிக்கப் போகிறது. வெளி விறாந்தையில், மலர் விற்கும் மேசைக்குப் பக்கத்தில், கொழும்பு மாவட்ட வரைபடம் ஒன்றை ஒட்டி, ஒரு பெட்டி குண்டூசியும் வைத்திருக்கிறோம். சிவப்பு வீட்டுக்கு, நீலம் வேலைக்கு. மஞ்சள் இந்தமுறை இரண்டு பெட்டி வாங்கி வந்தோம்.